‘பூச்சி இல்லாதது’ என்று விற்ற பவளத்தில் தட்டைப்புழு: புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

என் கடல்நீர் டேங்குக்காக உங்களிடம் நான் வாங்கிய அக்ரோபோரா (கிளை விடும் பவள வகை) துண்டு, ‘டிப் செய்தது, பூச்சி இல்லாதது’ என்ற சீட்டோடு வந்தது. டிப் என்றால் பூச்சியைப் போக்கும் கரைசலில் பவளத்தை முக்கி எடுப்பது. அதில் அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு இருந்திருக்கிறது. துண்டின் நிறம் போவதைத் தெரிவித்தபோது, விளக்கு வெளிச்சம் கூடிவிட்டது என்றார்கள் உங்கள் ஊழியர்கள். புழுவின் படம் அனுப்பினேன். ‘அது கோப்பிபாட், டேங்குக்கு நல்லதுதான், விட்டுவிடுங்கள்’ என்று பதில் வந்தது. கோப்பிபாட் என்பது இறால் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய நீருயிரி. இரண்டும் தவறு.

வெளிச்சம் கூடினால் விளக்கைப் பார்த்த மேல்பக்கம்தான் வெளுக்கும். இந்தத் துண்டில் நிறம் போனது கிளைகளின் அடியில், நிழல் விழும் பக்கத்தில். அதுவும் சீராக அல்ல, பொட்டுப் பொட்டாக வட்டத் தடங்கள். பிப்பெட்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியதும் கிளையிலிருந்து ஏதோ பிய்ந்து வந்தது. வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீள்வட்டமான, ஒளி ஊடுருவும் உடம்பு. நடுவில் பவளத்தின் அதே பழுப்பு. தின்ற பவளத் திசுவுக்குள் இருந்த பாசியின் நிறம் அது. அதனால்தான் கிளையில் ஒட்டியிருக்கும்போது கண்ணில் படுவதில்லை. கிண்ணத்தின் அடியில் வழுக்கிக்கொண்டு போனது. கோப்பிபாட் அப்படிப் போகாது, துள்ளும். (கோப்பிபாட் என்றாலே நல்லது என்பதும் சரியில்லை. அக்ரோபோராவைப் படுத்தும் ‘ரெட் பக்’ கோப்பிபாட்தான்: அரை மில்லிமீட்டர், மஞ்சள் உடம்பில் சிவப்புப் புள்ளி.) 2011-இல் அமாகுசாபிளானா அக்ரோபோரே என்று பெயரிடப்பட்டு, பிறகு புரோஸ்தியோஸ்டோமம் பேரினத்துக்கு மாற்றப்பட்ட புழு இது. பவளம் விற்பவர்களுக்குப் புதிய விஷயமல்ல.

புழு என் டேங்கிலேயே இருந்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். துண்டின் அடியில், திசு இல்லாத வெறும் எலும்புக்கூட்டில், பழுப்பு நிற முட்டைகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. அவற்றின் ஓரம், துண்டைப் பிளக்கில் (தாங்கும் சிறு அடிக்கட்டை) ஒட்டிய பசைக்குள் போயிருந்தது. பசையைச் சுரண்டினால் அதற்கடியிலும் முட்டை. பசை போட்டது நீங்கள். அப்படியென்றால் பசை போடும்போதே முட்டை இருந்திருக்கிறது.

என் முக்கியமான புகார் அந்தச் சீட்டின் வாசகத்தைப் பற்றியது. டிப் கரைசல் நகரும் புழுவை உதிர்க்கும், கொல்லும். முட்டையை அது அசைக்காது. நீரின் வெப்பத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரத்திலோ இன்னும் தாமதமாகவோ அது பொரிக்கும். எனவே ஒரு தடவை முக்கி எடுத்ததை ‘பூச்சி இல்லாதது’ என்று விற்க முடியாது. தனித் தொட்டியில் வாரக்கணக்கில் வைத்து, திரும்பத் திரும்ப டிப் செய்து, அடிப்பகுதியை வெட்டி எறிந்த பிறகு சொல்லலாம். உயிரோடு வந்து சேர்வதற்கான 24 மணி நேர உத்தரவாதத்தைக் காட்டிப் பணம் தர மறுத்திருக்கிறீர்கள். பவளம் உயிரோடுதான் வந்தது. அதோடு வந்ததைப் பற்றித்தான் கேட்கிறேன். அது ஒரு நாளில் வெளியே தெரியாது.

பவளத்தின் விலையையும் அனுப்பும் செலவையும் திருப்பித் தர வேண்டும். இந்தத் துண்டு இருந்த உங்கள் தொட்டியிலிருந்து அக்ரோபோரா வாங்கிய மற்றவர்களுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும், அவர்கள் டேங்கில் பரவுவதற்குள். முட்டையைக் கவனிக்கும் முறை உங்களிடம் வரும்வரை சீட்டில் ‘டிப் செய்தது’ என்று மட்டும் போடுங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தேவை; வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் முறையிடுவேன். புழு, முட்டை, பசை ஆகியவற்றின் படங்களும் ரசீது நகலும் இத்துடன் உள்ளன. புழுவையும் முட்டையையும் ஆல்கஹாலில் போட்டு வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்