ஜூன் மாதத்துக்கு 30 நாள்தான், மக்களே

குலசேகரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மக்களே,

நேற்று டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று பாதிப் பேச்சிலேயே போனை வைத்துவிட்டாய். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோனது. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் காதில் தப்புக் கணக்கு விழுந்தால் தூக்கம் வருமா? அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபரேஷன் புண் பழுப்பதில் ஆட்ஸ் ரேஷியோ (நடந்ததற்கும் நடக்காததற்கும் உள்ள விகிதம்தான் ஆட்ஸ்; ஒரு கூட்டத்தின் ஆட்ஸை இன்னொன்றின் ஆட்ஸால் வகுத்தால் ரேஷியோ) 2 வந்தது, அதனால் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று அசைன்மென்டில் எழுதிவிட்டேன் என்றாய். அங்கேதான் இடிக்கிறது.

நம் ரப்பரையே எடுத்துக்கொள். மழையால் பால் வெட்டு நின்ற நாளுக்கெல்லாம் அப்பா காலண்டரில் பெருக்கல் குறி போடுவார் அல்லவா? இந்த ஜூனில் 20 குறி. நிகழ்தகவு என்றால் மொத்த நாளால் வகுப்போம்: 30ல் 20, அதாவது மூன்றில் இரண்டு. ஆட்ஸுக்கு மொத்தக் கணக்கு வேண்டாம். வெட்டு நின்ற நாளையும் நடந்த நாளையும் எதிரெதிரே நிறுத்தினால் போதும்: 20க்கு 10, சுருக்கினால் 2க்கு 1.

சரி, மலைப்பக்கம் இன்னொரு தோட்டத்தில் மழை கூடுதல், நம் தோட்டத்தோடு பார்த்தால் ஆட்ஸ் ரேஷியோ 2 என்று வைத்துக்கொள். நம் 2க்கு 1 இரட்டித்து அங்கே 4க்கு 1. ஐந்தில் நாலு பங்கு, அதாவது 24 நாள் வெட்டு இல்லை. உன் கணக்குப்படி 20ஐ இரட்டித்தால் 40 வரும். ஜூனுக்கு ஏது மக்களே 40 நாள்? நிகழ்தகவு 1ஐத் தாண்டாது. ஆட்ஸ் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும்.

அபூர்வமாக நடக்கிற காரியத்தில் மட்டும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003லேயே நிறுத்தியாச்சு, உன் அப்பாவுக்கு மட்டும் இன்னும் நிற்கவில்லை. களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போய் வாங்கி வருகிறார். "விழும், இல்லேன்னா விழாது, பாதிக்குப் பாதி" என்று எனக்கே கணக்கு சொல்கிறார்! 10 லட்சம் சீட்டுக்கு ஒரு பரிசு என்றால் நிகழ்தகவு 10 லட்சத்தில் 1, ஆட்ஸ் 1க்கு 9,99,999. பெரிய வித்தியாசமில்லை. அங்கே ஆட்ஸ் இரட்டித்தால் வாய்ப்பும் ஏறக்குறைய இரட்டிக்கும்.

1950ல் உங்கள் லண்டனில்தான் டால், ஹில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களையும் வேறு நோயாளிகளையும் புகைபிடிக்கும் பழக்கம் பற்றி விசாரித்துப் பார்த்தார்கள். நோய் உள்ளவர் இத்தனை பேர், இல்லாதவர் இத்தனை பேர் என்று ஆராய்ச்சி செய்பவரே பொறுக்கி எடுக்கிற இடத்தில் நிகழ்தகவு நேரடியாகக் கிடைக்காது. ஆட்ஸ் ரேஷியோ கிடைக்கும். நோய் அரிதாக இருந்தால் அதையே 'எத்தனை மடங்கு ஆபத்து' என்று எடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த வருஷம் புள்ளியியல் நிபுணர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் காட்டினார். அந்த 'அரிதாக' என்பதைத்தான் நீ விட்டுவிட்டாய்.

உன் அட்டவணையைத் திரும்ப எடுத்துப் பார். சர்க்கரை இல்லாதவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குப் புண் பழுத்தது? இரண்டு மூன்று பேர் என்றால் நீ எழுதியது ஏறக்குறைய சரி. முப்பது நாற்பது என்றால் அந்த வரியை மாற்றிவிட்டு அப்புறம் அனுப்பு.

அப்பா இன்றைக்கும் வெட்டுக்குப் போகவில்லை. விடியற்காலையிலிருந்து மழை.

அன்புடன்,
அம்மா