மாம்பழப் பருவமும் ஐப்பசி மாதப் பாக்கியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மா விவசாயிகளைப் பற்றியும் மாங்கூழ் ஆலைகளைப் பற்றியும் தங்கள் நாளிதழில் பருவந்தோறும் செய்திகள் வருகின்றன. அந்த ஆலைகளை நம்பிப் பெட்டி, லேபிள் போன்றவற்றைச் செய்து கொடுக்கும் சிறு தொழிற்கூடங்களின் பணப்புழக்கம் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. காவேரிப்பட்டணம் அருகே அட்டைப்பெட்டித் தொழில் செய்துவரும் நான், எங்கள் அனுபவத்தைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

3.1 கிலோ மாங்கூழ் டப்பாக்கள் ஆறு அடங்கும் பெட்டிதான் எங்களின் முதன்மைச் சரக்கு. மாசியில் பெட்டி செய்யும் பழுப்புத் தாளான கிராஃப்ட் பேப்பர் ரீல்களை வாங்கத் தொடங்கினால், ஆடி முடிவதற்குள் ஆண்டு விற்பனையில் முக்கால் பங்கு முடிந்துவிடும். பேப்பர் மில்லுக்கு முன்பணம் கட்டினால்தான் அங்கிருந்து லாரி கிளம்பும்; ஆட்களுக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கொடுக்க வேண்டும். ஆலைகளோ ஆண்டு முழுவதும் கூழை விற்று, பணம் வரவர எங்களுக்குத் தருகின்றன. பில்லில் 45 நாள் என்று அச்சிட்டிருந்தாலும் தீபாவளி கழிந்த பிறகே தீர்ந்த பாக்கிகள் பல உண்டு. ஆடிட்டரின் கணக்கில் நல்ல லாபம் காட்டிய ஓர் ஆண்டில்தான் நாங்கள் மில்லுக்குக் கொடுத்த காசோலை திரும்பி வந்தது. அன்று முதல்தான் மில்காரர்கள் எங்களிடம் முன்பணம் கேட்கிறார்கள்.

அதன் பிறகுதான் பணவரத்தை முன்கூட்டியே எழுதிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு வந்தது. ரீலின் கடைசியில் மிஞ்சும் பழுப்புத் தாளில் ஓர் ஆள் நீளத்துக்கு வெட்டி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதில் பதின்மூன்று வாரங்களுக்குப் பதின்மூன்று கட்டங்கள். ஒரு வாரம் முடிந்ததும் அதை அடித்துவிட்டு, கடைசியில் புதிய வாரம் ஒன்றைச் சேர்ப்போம். 15-ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி., செப்டம்பர் 15-ல் முன்கூட்டிய வருமான வரி, இயந்திரம் ஓடாத மாதத்திலும் கட்டியாக வேண்டிய மின் டிமாண்ட் கட்டணம் எனச் செலவுகளை எழுதுவது எளிது. வரவை எழுதும்போதுதான் மனம் நம்மை ஏமாற்றுகிறது. பில் தேதியோடு 45 நாளைக் கூட்டி எழுதிய முதல் தாள் ஒரு மாதம்கூடப் பயன்படவில்லை. பழைய பேரேடுகளைப் புரட்டி, ஒவ்வோர் ஆலையும் உண்மையில் எத்தனை நாளில் பணம் தந்திருக்கிறது என்று பார்த்தோம். ஒன்றுக்கு 52 நாள், மற்றொன்றுக்கு 97 நாள், இன்னொன்றுக்கு 140 நாள் என்று வந்தது. பேச்சில் மிகவும் இனிமையானவர்கள் அந்த 140 நாள்காரர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த எண்களைச் சிவப்பு மையில் எழுதி, அவற்றை வைத்தே வரவைக் கணித்ததும், ஐப்பசியில் விழவிருந்த பள்ளம் ஆடியிலேயே கண்ணுக்குத் தெரிந்தது.

முன்கூட்டியே தெரிந்ததால் பேசுவதற்கு அவகாசம் கிடைத்தது. 97 நாள் ஆலையிடம், 15 நாளில் பணம் தந்தால் விலையில் 2 விழுக்காடு குறைத்துக்கொள்கிறோம் என்றோம், ஒப்புக்கொண்டார்கள். 82 நாள் முன்னதாக வரும் பணத்துக்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு வட்டிதான்; எங்கள் வங்கிக் கடனுக்கு நாங்கள் கட்டும் வட்டி அதைவிட அதிகம்.

தாள் தவறிய ஆண்டும் உண்டு. 2025 பருவத்தில் பெங்களூரா எனப்படும் தோத்தாபுரி மா நன்றாகக் காய்த்திருந்ததைப் பார்த்து, முழு அளவுக்குப் பேப்பர் வாங்கிவிட்டோம். ஆலைகளில் முந்தைய ஆண்டின் கூழே தேங்கிக் கிடந்ததால் அவை கொள்முதலைக் குறைத்தன. மாங்காய் விலை சரிந்ததைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். எங்களுக்கு வந்த ஆர்டர் எதிர்பார்த்ததில் பாதி. ஆலையின் பெயர் அச்சிட்ட பெட்டியை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால், அவற்றை மழை படாத மூலையில் அடுக்கிவைத்துவிட்டு வட்டி கட்டினோம். நாங்கள் மரத்தைப் பார்த்துக் கணித்திருந்தோம். ஆலையின் கிடங்கைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது கையெழுத்தான ஆர்டரை மையிலும், வரும் என்று நம்புகிற ஆர்டரைப் பென்சிலிலும் எழுதுகிறோம். பென்சில் வரியை நம்பிப் பேப்பர் வாங்குவதில்லை.

இதோடு 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சுமை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அன்று முதல் அட்டைப்பெட்டிக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. கிராஃப்ட் பேப்பருக்கோ 12-லிருந்து 18 ஆக உயர்ந்தது. 10 லட்சம் ரூபாய் பேப்பருக்கு 1.80 லட்சம் வரி கட்டி, அதில் செய்த பெட்டிகளை 14 லட்சத்துக்கு விற்றால் 70 ஆயிரம்தான் வரி வசூலாகிறது, மீதி 1.10 லட்சம் அரசிடம் நிற்கிறது. அதைத் திரும்பப் பெற வழி உண்டு என்பதும், 90 விழுக்காட்டை இடைக்காலமாக வழங்கும் ஏற்பாடு 2025 அக்டோபரில் வந்திருப்பதும் உண்மைதான். ஆனாலும் விண்ணப்பித்துப் பணம் கைக்கு வரும்வரை அது எங்கள் தாளில் ஒரு வெற்றுக் கட்டம்.

சட்டம் எங்கள் பக்கம் இல்லையா என்று கேட்கலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைத் தாண்டிப் பணம் தருபவர், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும். அடுத்த பருவத்து ஆர்டரும் வேண்டும் என்றிருப்பவர் அந்த வட்டியைக் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரிச் சட்டத்தின் 43பி (எச்) பிரிவு, தாமதமான பாக்கியை உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்றது. நிதியாண்டு முடியும் மார்ச்சில் வாங்குபவரை அது அவசரப்படுத்தும். மாம்பழத் தொழிலைத் தொடுவதில்லை. ஜூனில் வாங்கிய பெட்டிக்குப் பிப்ரவரியில் பணம் தந்தாலும் அதே நிதியாண்டு என்பதால், தாமதித்த ஆலைக்கு வரியில் ஒரு ரூபாய் இழப்பும் இல்லை. பில்லை உடனே பணமாக்கித் தரும் டிரெட்ஸ் தளங்களில் சேர வேண்டிய கட்டாயமோ, தனியார் துறையில் 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கே இருக்கிறது.

இந்நிலையில் வங்கிகள் மனம் வைத்தால் ஒன்றைச் செய்ய முடியும். சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் ஈடாகக் கொண்டு வங்கி கடன் தரும் எங்கள் கேஷ் கிரெடிட் கணக்கில் எடுக்கக்கூடிய தொகையை, அதாவது டிராயிங் பவரை, கணக்கிடும்போது 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கி சேர்த்துக்கொள்வதில்லை. ஜூன் கடைசியில் போட்ட பில் செப்டம்பர் கடைசியில் அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. தீபாவளி போனஸ் கொடுக்க வேண்டிய ஐப்பசியில்தான் எங்கள் டிராயிங் பவர் அடிமட்டத்தில் நிற்கிறது. பருவகாலத்துக்கு ஒரு வரம்பு, மற்ற மாதங்களுக்கு ஒரு வரம்பு எனப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் வங்கிகளுக்குப் புதிதல்ல. அதுபோலவே, மாங்கூழ் ஆலைகளுக்குப் பொருள் வழங்கும் சிறு நிறுவனங்களுக்கு மட்டும் 90 நாளை 150 நாளாக நீட்டித்து, அதற்கு ஈடாக இதுபோன்ற பதின்மூன்று வாரக் கணிப்பை மாதந்தோறும் நாங்கள் தரும் சரக்குக் கணக்கான ஸ்டாக் ஸ்டேட்மெண்டோடு கேட்டு வாங்கலாம். கணிப்பு எந்த அளவுக்குப் பலித்தது என்பதை வைத்து, யாருக்கு நீட்டிப்பது என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

மாவட்ட வங்கியாளர்கள் கூட்டத்தில், மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியும் மாவட்டத் தொழில் மையமும் இதைப் பேசி, நாங்கள் பேப்பருக்கு முன்பணம் கட்டத் தொடங்கும் மாசி மாதத்துக்குள் ஒரு முடிவு சொன்னால், இந்தப் பருவத்துக்கே அது உதவும்.

இப்படிக்கு,
அட்டைப்பெட்டி உற்பத்தியாளர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.