துப்பாக்கி உரிமையில் விட்டுப்போன பாதி

ஐயா,

அமெரிக்கத் துப்பாக்கி உரிமை பற்றிய கட்டுரை படித்தேன். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும், 1791-இல் வந்த அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் தொடங்குவதே ஒழுங்கான குடிப்படையை (சாதாரணக் குடிமக்களே சேர்ந்த படையை)ப் பற்றித்தான், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நிரந்தர ராணுவம் என்றாலே அன்றைக்குப் பலருக்குப் பயம், அதனால்தான் குடிப்படையை நம்பினார்கள். 1792-இல் போட்ட சட்டம், 18 முதல் 45 வயதுக்குள் இருக்கும் வெள்ளை ஆண்கள் (கறுப்பர்களுக்கு இடமில்லை, அது தனிக்கதை) பெயர் பதிந்து, துப்பாக்கியையும் தாங்களே தேடிக்கொண்டு பயிற்சிக்கு வரவேண்டும் என்றது. உரிமையைவிடக் கடமைதான் அதிகம். அப்புறம் 2008-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், குடிப்படையில் சேராதவரும் தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றது. சரி, தீர்ப்பு தீர்ப்புதான். ஆனால் யாருக்கும் பதில் சொல்லாமல் சீருடை மாட்டித் திரியும் கும்பல்கள் எல்லாம் தங்களைக் குடிப்படை என்று சொல்லிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

- ஒரு வாசகர், மதுரை