எஸ்டீமுக்குக் குளிர்காற்று

காட்பாடி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த பகுதியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், குழந்தையை ஒரு முறை கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறாள். இங்கே எல்லோரும் நலம். வேலூர் வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதமே அந்த வெயிலைப் பற்றியதுதான்.

உன் மாருதி ஜென் காரில் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் மாட்டப் போவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. என் மாருதி எஸ்டீம் காரில் நான் செய்ததை முதலில் படி.

1298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன். அந்த இன்ஜினை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் கொஞ்ச நாளாக மதிய நேரத்தில் மட்டும் மந்தமாக இருந்தது. அதிகாலையில் ராணிப்பேட்டை பக்கம் போனால் பறக்கும், மதியம் அதே ரோட்டில் திரும்பும்போது இழுவை இருக்காது. சத்துவாச்சாரியில் நம் பாய் பட்டறையில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று, பார்த்தோம். நான்கு சிலிண்டரும் நன்றாகவே இருந்தன. பாய்தான் ஏர் ஃபில்டர் பெட்டியைக் காட்டினார். முன்பக்கத்திலிருந்து காற்றைக் கொண்டுவரும் மூக்குக் குழாயே இல்லை. எனக்கு முன் வைத்திருந்தவர் காலத்திலேயே உடைந்து போயிருக்க வேண்டும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் அனலைத்தான் இன்ஜின் இவ்வளவு நாளும் குடித்திருக்கிறது.

ஃப்ரிட்ஜுக்கு வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்றைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தேன். வெளியே 35 டிகிரி இருக்கும்போது, நெரிசலில் நின்றால் உள்ளே 65 காட்டியது. 273 கூட்டி கெல்வினில் சொன்னால் இது 308, 338. அழுத்தம் மாறாதபோது காற்றின் அடர்த்தி இதற்கு நேர்மாறாகப் போகும், அதாவது 9 சதவீதம் காற்று குறைவு. டர்போ இல்லாத இன்ஜினில் காற்று எவ்வளவு குறைகிறதோ, பெட்ரோலும் சக்தியும் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும். கணக்குக்கு 85-இல் ஏழு குதிரைக்கு மேல் போச்சு. போதாததற்குச் சூடான காற்றில் நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டும் சத்தம், வரும் வாய்ப்பும் கூடும்.

இப்போது கூம்பு ஃபில்டரை யோசித்துப் பார். பெட்டியைக் கழற்றிவிட்டு, பானட்டுக்குள் அதைத் திறந்தபடி மாட்டுகிறார்கள். உறிஞ்சும் சத்தம் கூடும், அதனால் வேகம் கூடியது போலத் தோன்றும். ஆனால் உள்ளே போவது அதே அனல்தான். அதனால் நான் பெட்டியையும் காகித ஃபில்டரையும் அப்படியே வைத்துக்கொண்டேன். இந்த ஊர்த் தூசிக்கு நல்ல காகித ஃபில்டர்தான் என் தேர்வு. வாங்கியது மூன்று அங்குலக் குழாய் மட்டும். பிவிசி மலிவுதான், ஆனால் ரேடியேட்டர் பக்கத்தில் சூட்டுக்கு இளகிவிடும். சூடு தாங்கும் நெளிகுழாய் வாங்கி, கிளாம்ப் போட்டு, பெல்ட்டிலும் ஃபேனிலும் உரசாமல் கொண்டுபோனேன்.

குழாயின் வாயை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. பம்பருக்குக் கீழே வைத்தால் காற்று நன்றாக வரும். ஆனால் மழையில் ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி நின்றால், அதையும் உறிஞ்சிவிடும். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதனால் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் உயரத்தில் வைத்தேன். கூடவே இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, புது ஸ்பார்க் பிளக் போட்டேன். பிளக் திருகும் சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் இன்ஜின் ஆறிய பிறகு, முதலில் கையாலேயே திருகி, கடைசியில்தான் ஸ்பேனர் வைத்தேன்.

அப்புறம் ஏலகிரிக்கு விட்டேன். பொன்னேரியிலிருந்து 14 வளைவு. மேலே ஏற ஏற காற்று தானே மெலியும், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பத்து சதவீதம் போய்விடும். முன்பு இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறிய சில ஏற்றங்களை இப்போது மூன்றில் ஏறியது. இறங்கி அந்த பானட்டைத் தட்டிக்கொடுத்தேன், சேகர்.

இதில் ஆர்சி புத்தகத்தில் உள்ள எதுவும் மாறவில்லை. ஆனால் இன்ஜினையே மாற்றுவது வேறு விஷயம், அதற்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும். சைலன்சரைத் தொடாதே. தெருவில் தூங்கும் குழந்தைகளை எழுப்பும் வண்டி நமக்கு வேண்டாம்.

உன் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. என்னுடையதில் சென்சார் காற்றின் அழுத்தத்தையும் சூட்டையும் அளந்து சொல்ல, இசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். உன்னுடையது கார்புரேட்டர் ஜென், தானாகச் சரிசெய்யாது. குளிர்ந்த காற்று வந்தால் கலவை மெலிந்து, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல், போகலாம். அதனால் குழாய் போடுவதற்கு முன் ஒரு முறை, போட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் ஒரு முறை பிளக்கைக் கழற்றிப் பார். இளம் பழுப்பு என்றால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைப் பார்க்க வேண்டும், கருகியிருந்தால் பெட்ரோல் அதிகம். இரண்டு நிறத்தையும் எனக்கு எழுது, பாயிடம் கேட்டுச் சொல்கிறேன். பெட்டியின் வாய் விட்டத்தையும் அளந்து அனுப்பு. என்னிடம் குழாய் மீதி இருக்கிறது, பார்சலில் போட்டுவிடுகிறேன்.

உன்
முரளி