வெள்ளிக்கிழமை தாஜ்மகால் திறக்காது, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயண அட்டவணையை அப்பா அச்செடுத்துக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். இரண்டு நாளாக அது அங்கேயேதான் இருக்கிறது. காய் நறுக்கும்போதும் என் ஒரு கண் அதன் மேல்தான். லண்டன் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியில் ரோம், கெய்ரோ, பெட்ரா, ஆக்ரா, சியம் ரீப் என்று ஐந்து இடங்களைப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கப்போகிறாய். நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஒரு கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறேன். ஆக்ராவுக்கு நீ போட்டிருப்பது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகால் சுற்றுப்பயணிகளுக்குத் திறக்காது, தொழுகைக்கு வருபவர்களுக்கு மட்டும்தான். முதலில் அதை மாற்று. மற்றதெல்லாம் அப்புறம்.

உனக்கு எட்டு வயதில் தஞ்சாவூர் போனோமே, நினைவிருக்கிறதா? ஜூன் பள்ளி விடுமுறை. காலை பத்து மணிக்குக் கோயில் வாசலில் விட்டுவிடுகிறேன் என்று சொன்ன கார்க்காரர் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, கொண்டுபோய்ச் சேர்த்தபோது மணி ஒன்றாகிவிட்டது. சந்நிதி சாத்திவிட்டார்கள், இனி நான்கு மணிக்குத்தான் என்றார்கள். வெளிமுற்றத்துக் கல் அடுப்பு மாதிரி கொதித்தது. நீ ஒற்றைக் காலில் நிற்பாய், கால் மாற்றுவாய், மறுபடி மாற்றுவாய், கடைசியில் அழுதேவிட்டாய். அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு மதில் நிழலுக்கு ஓடினார். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த கோயில், 200 அடிக்கு மேல் எழும்பி நிற்கும் விமானம். நாம் அன்றைக்குப் பார்த்தது நிழல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான்.

நான்கு மணி வரை நம்மால் காத்திருக்க முடியவில்லை, இரவு விமானம். சிங்கப்பூர் திரும்பிப் பல வருடம் கழித்துத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. அந்தக் கோயில் விமானத்தின் அடிப்பகுதி முழுக்கக் கல்வெட்டு. நாம் கொடுத்ததும், நம் அக்கன் கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜனே சொன்ன வாசகம் அதில் இருக்கிறது. கோயிலில் ஆடிய 400 பெண்களின் பெயர்கள்கூட வரிசையாக இருக்கின்றன. நமக்குப் படிக்கத் தெரிந்த மொழி, பாப்பா. அதற்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, ஒரு எழுத்தைக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டோம். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதனால்தான் உன் அட்டவணையைப் பார்த்ததும் மனம் பதறியது. பதினாறு நாளில் ஐந்து நாடு. பயண நேரம் போக எந்த இடத்தையும் நிதானமாகப் பார்க்க நேரம் மிஞ்சவில்லை. ஒன்றை விட்டுவிடு. ஓர் இடத்துக்கு இரண்டு காலைப் பொழுதாவது வேண்டும். முதல் காலை வழி தெரிந்துகொள்ளவே போய்விடும். இரண்டாவது காலையில்தான் நாம் நிஜமாகப் பார்க்கிறோம்.

எதை விடுவது என்று என்னைக் கேட்டால் ரோம். அது எங்கேயும் போகாது, ஐரோப்பாவுக்கு நீ மறுபடி போகாமல் இருக்கப்போவதில்லை. இல்லை, பார்த்தே தீருவேன் என்றால் கொலோசியத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்டை அதிகாரபூர்வ இணையத்தளத்தில் முன்கூட்டியே வாங்கிவிடு. டிக்கெட்டில் உன் பெயர் இருக்கும், கடப்பிதழைக் கையில் வைத்துக்கொள். வாசலில் வந்து “வரிசையில் நிற்க வேண்டாம்” என்று கூப்பிடுகிறவர்களோடு பேச்சே வேண்டாம். தண்ணீர் போத்தல் ஒன்று போதும், அந்த ஊர்த் தெருக்களில் குடிநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

கெய்ரோவுக்கும் பெட்ராவுக்கும் நாங்கள் போனதில்லை. எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியம்மா, நம் மக்சிக், மக்காவில் உம்ரா முடித்துக்கொண்டு அந்தப் பக்கமெல்லாம் சுற்றிவிட்டு வந்தவர். நேற்று உனக்காகவே அவரிடம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டேன். பிரமிடுக்கு வாசல் திறக்கிற நேரத்திலேயே போய்விடச் சொன்னார். ஒட்டகக்காரர் ஏறுவதற்கு ஒரு விலை சொல்லுவார், மேலே உட்கார்ந்த பிறகு இறக்கிவிட இன்னொரு விலை கேட்பார். ஏறி, சுற்றி, இறங்குவது வரை மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடு. வேண்டாம் என்றால் ஒரே தடவை சொல்லிவிட்டு நடந்துகொண்டே இரு. நின்று பதில் சொன்னால் விடமாட்டார்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். பெரிய பிரமிடுக்குள் போகத் தனி டிக்கெட் உண்டு. உள்ளே போகிற பாதையில் நிமிர்ந்து நடக்க முடியாது, குனிந்தபடியே ஏற வேண்டும். அதற்கப்புறம் கூரை திடீரென்று உயர்ந்து ஒரு நீளமான கூடம் வரும். மேலே அரசரின் அறையில் மூடி இல்லாத ஒரு வெற்றுக் கல்பெட்டி இருக்கும், வேறு ஒன்றும் இல்லை. காற்றோட்டம் குறைவு, புழுக்கம். சின்ன வயதில் உனக்கு இழுப்பு வந்து எத்தனை ராத்திரி நான் உன்னை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போயே ஆகவேண்டும் என்று இல்லை. 4,500 வருடத்துக்கு முன்னால் சுமார் 23 லட்சம் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். அடிவாரத்தில் போய் ஒரு கல்லின் பக்கத்தில் நின்று பார். அதன் உயரம் உன் நெஞ்சு வரை வரும். அப்படியே தலையைத் தூக்கி மேலே வரை பார், அதுவே போதும். உள்ளே போவதாக இருந்தால் இன்ஹேலர் கையில் இருக்கட்டும், மூச்சு முட்டினால் வெட்கப்படாமல் திரும்பிவிடு.

பெட்ராவுக்கு இரண்டு நாள் கட்டாயம். ஜோர்டான் பாஸ் என்று ஒன்று இருக்கிறது, அந்த நாட்டில் இறங்குவதற்கு முன்பே இணையத்தில் வாங்க வேண்டும். மூன்று இரவாவது தங்கினால் விசாக் கட்டணமும் அதிலேயே அடங்கிவிடும். பெட்ராவுக்கு எத்தனை நாள் என்று வாங்கும்போதே கேட்பார்கள், இரண்டு என்று போடு. சிக் என்கிற பாறை இடுக்கு 1.2 கிலோமீட்டர் நீளம். எல்லோரும் கடைசியில் தெரியப்போகிற, பாறையில் குடைந்த கருவூலம் என்கிற முகப்பை நினைத்துக்கொண்டு வேகமாக நடப்பார்களாம். நீ பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே போ. பாறையில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். பாலைவனத்தில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோக, பெட்ராவைக் கட்டிய நபடேயர்கள் வெட்டியது. மக்சிக் அதில் கையை வைத்துக் காட்டிய படம் கைப்பேசியில் இருக்கிறது, எனக்குக் கருவூலத்தின் படத்தைவிட அதுதான் பிடித்தது. மேலே மடாலம் என்று சொல்கிற இடத்துக்கு 800 படிக்கு மேல். அதன் முகப்பில் வெயில் விழுவது பிற்பகலில், அதனால் மதியத்துக்குப் பிறகு மெதுவாக ஏறு. மழை வந்தால் அந்த இடுக்கில் வெள்ளம் பாய்ந்துவிடும். காவலர்கள் மூடிவிட்டோம் என்றால் திரும்பி வந்துவிட வேண்டும்.

ஆக்ராவுக்கு உனக்கு இந்திய விசா வேண்டும், லண்டனிலிருந்தே இணைய விசா எடுத்துவிடு. தாஜ்மகாலை சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னால் திறப்பார்கள். வெளிநாட்டவருக்கான டிக்கெட்டை இணையத்தில் வாங்கு, கல்லறை மண்டபத்துக்குள் போகத் தனியாக 200 ரூபாய். ஒரு டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம்தான். பையில் சாப்பாடு, கேமரா முக்காலி எதுவும் வைக்காதே, வாசலில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் யமுனைக்கு அக்கரையில் இருக்கிற மெஹ்தாப் தோட்டத்துக்குப் போ. கூட்டம் குறைவு, உட்கார்ந்து பார்க்கலாம்.

சரி, இப்போது சியம் ரீப் பக்கத்தில் இருக்கிற அங்கோர் கோயில்கள். இதைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்குப் போனோமே, அது ஒரு பயண நிறுவனத்தின் ஏற்பாடு. ஒரே நாளில் ஐந்து கோயில் என்று நாற்பது பேரை பஸ்ஸில் ஏற்றினார்கள். விடிவதற்கு முன் குளத்தோரம் நிறுத்தி சூரியோதயப் படம், உடனே ஹோட்டலுக்குக் காலை உணவு, மறுபடி பஸ். மதியம் ஒரு மணிக்கு பாயோன் கோயிலில் உன் அப்பாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. கல்லெல்லாம் அனல். இளநீர் விற்கிற ஒரு அம்மா தன் துணியை நனைத்து அவர் கழுத்தில் போட்டுவிட்டு விசிறினார். அவருக்கு நம் மொழி தெரியாது, நமக்கு அவர் மொழி தெரியாது. அப்பா எழுந்து உட்கார்ந்ததும் வழிகாட்டி கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

இரண்டு வருடத்துக்கு முன் நாங்களாகவே மறுபடி போனோம். இரண்டு மணி நேர விமானம், நம் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். மூன்று நாள் டிக்கெட் 62 அமெரிக்க டாலர், பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளில் வேண்டுமானாலும் போகலாம். ஒரு நாள் டிக்கெட் 37. டிக்கெட்டில் உன் படம் இருக்கும், ஒவ்வொரு கோயிலிலும் கேட்பார்கள். டாலர் நோட்டு புதிதாக இருக்கட்டும், ஓரம் கிழிந்திருந்தாலும் வாங்கமாட்டார்கள்.

அங்கோர் வாட் காலை ஐந்து மணிக்குத் திறக்கும், மற்ற கோயில்களில் பெரும்பாலானவை ஏழரைக்குத்தான். சூரியன் எழுந்ததும் கூட்டம் மொத்தமும் பசியாறப் போய்விடும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொள். கோயில் மேற்குப் பார்த்தது. அப்படியே ஊடே நடந்து பின்பக்கம், கிழக்குச் சுற்று மண்டபத்துக்குப் போய்விடு. காலை வெயில் அங்கே சாய்வாக விழும். தெற்குப் பாதியில் 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சிற்பம்: பாற்கடல் கடைகிறார்கள். 92 அசுரர், 88 தேவர், நடுவில் திருமால், கீழே ஆமை. கதை உனக்குப் பாட்டி சொன்னதுதான்.

நான் அங்கே முக்கால் மணி நேரம் நின்றேன். முதலில் வரிசையாக ஒரே மாதிரி உடம்புகள்தான் தெரிந்தன. அப்புறம் கீழே கடலைப் பார்த்தேன். ஓரங்களில் மீன்கள் அமைதியாக நீந்துகின்றன. மத்தாக நிற்கும் மலையை நெருங்க நெருங்க ஒன்றன் மேல் ஒன்றாக நெரிகின்றன. மலைக்குப் பக்கத்தில் வந்ததும் சுழலின் வேகத்தில் மீன்களும் முதலைகளும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. கதை சொல்லும்போது பாட்டியும் சொல்லவில்லை, நானும் நினைத்ததில்லை, கடலைக் கடைந்தால் மீனுக்கு என்ன ஆகும் என்று. 12ஆம் நூற்றாண்டில் கம்போடியாவில் ஒரு சிற்பி நினைத்திருக்கிறார். எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிட்டது.

சில உருவங்கள் எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளவென்று இருக்கும். நம்மைப் போல வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு ஆனது. முதல் தடவை நானும் தொட்டேன், அது எனக்கு வருத்தம். நீ தொடாதே. பார், பக்கத்தில் போய்ப் பார், கை மட்டும் பின்னால் இருக்கட்டும்.

மேற்குப் பக்கம் குருக்ஷேத்திரம் இருக்கிறது, பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார். மாலையில் அங்கே போ. மேல் தளத்துக்கு ஏறும் படி ரொம்பச் செங்குத்து. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், சால்வை போர்த்தினால் போதாது என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. கைவைத்த பருத்திச் சட்டை இரண்டு எடுத்துக்கொள். பௌத்தர்களின் விசேஷ நாட்களில் அந்தத் தளம் மூடியிருக்கும். குரங்குகளுக்குத் தீனி போடாதே, கடிக்கும். நீ போகிற நேரம் மழைக்காலத்தின் கடைசி, பிற்பகலில் கொட்டும். காலையில் கோயில், மதியம் அறையில் தூக்கம், நான்கு மணிக்கு மறுபடி. பன்டேய் ஸ்ரேய் கொஞ்சம் தூரம், ஆனால் துக்துக்கில் போகிற வழியில் வயல்கள் நன்றாக இருக்கும். 967-இல் கட்டிய சின்னக் கோயில், சிவப்புக் கல்லில் மரவேலை மாதிரி செதுக்கியிருப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் உன் பயணத்தைப் பதிந்துவிடு. புதுக் காலணியோடு போகாதே, இப்போதிருந்தே போட்டு நடந்து பழக்கு. கடப்பிதழ் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

இன்னொரு விஷயம். நேற்று ராத்திரி அப்பா ஒன்றும் சொல்லாமல் சியம் ரீப்புக்கு விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தார். நீ சரி என்றால் நாங்களும் அங்கே வந்துவிடுகிறோம். முதல் நாள் நீ உன் இஷ்டத்துக்குச் சுற்று, நாங்கள் குறுக்கே வரமாட்டோம். இரண்டாம் நாள் காலையில் மட்டும் அந்த மீன்களை நான் உனக்குக் காட்ட வேண்டும். அந்த இளநீர் அம்மா இன்னும் பாயோன் பக்கம் இருக்கிறாரா என்று அப்பா பார்க்க வேண்டுமாம். ரோமை விட்டால் உனக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கிடைக்கும். யோசித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லு, விலை ஏறுவதற்குள் எடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அம்மா