அறுபது பேரை அழைத்துக்கொண்டு வராதே

தர்மபுரி,
தை மாதக் கடைசி.

அன்புள்ள சித்ரா,

இங்கே எல்லோரும் நலம். தீபாவளிக்கு எழுதியதற்குப் பொங்கல் கழிந்தும் பதில் இல்லை என்று குறைபட்டிருக்கிறாய். அரையாண்டுத் தேர்வு, அம்மாவுக்குக் கண் அறுவை, விடைத்தாள் கட்டு. இதற்கு மேல் சாக்குச் சொல்ல மாட்டேன். குட்டை மல்லி பாட்டியாகிவிட்டாள், தெரியுமா? விடுதி மதில் ஏறிக் குதித்தவள் இப்போது மருமகளுக்கு அடக்க ஒடுக்கம் கற்பிக்கிறாள்.

இன்று உடனே எழுத உட்கார்ந்தது உன் இரண்டாம் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததால். அலுவலகத்தில் அறுபது பேர், மார்ச் மாதம், சனிக்கிழமை இரவு பெங்களூரிலிருந்து இரண்டு பஸ், அஞ்செட்டிப் பக்கம் ஏதாவது ஒரு மலை, உச்சியில் சூரிய உதயம், "உள்ளூர்க்காரி நீதான் வழி சொல்ல வேண்டும்". அடியே, நம் கணக்கு வாத்தியார் இதைத் திருத்தியிருந்தால் சிவப்பு மை தீர்ந்திருக்கும்.

மார்ச்சில் மலை ஏறுவதா? மாசி பிறந்தால் நம் காடு எப்படிக் கிடக்கும் என்பதை மறந்துவிட்டாயா? இலையெல்லாம் தரையில், புல்லெல்லாம் சருகு. தேனி மாவட்டக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவில் தீ கீழிருந்து மேலே பாயும். சுவாலை தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டு போவதால் வேகம் கூடிக்கொண்டே இருக்கும். பயந்தவர்கள் மேல்நோக்கி ஓடினால் தீ முந்திவிடும். உன் அறுபது பேரில் எத்தனை பேர் இதற்கு முன் மலை ஏறியிருக்கிறார்கள்? பதில் எனக்குத் தெரியும், மாடிப்படியில்கூட ஏறாதவர்கள்.

அதுவும் இருட்டில்! ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எல்லாம் யானை நடமாடும் காடு. இரவில் நடப்பது அதன் வழக்கம், உன்னுடையது அல்ல. அந்தப் பக்கம் 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டுவிட்டன. அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். நீ மனிதவளப் பிரிவில் இருப்பவள். அறுபது பேருக்கும் சேர்த்து அபராதம் கட்டுவதை எந்தக் கணக்கில் எழுதுவாய்?

"நாங்கள் குப்பை போட மாட்டோம், ஆளுக்கொரு பையில் பொறுக்கிக்கொண்டே வருவோம்" என்று எழுதியிருக்கிறாய். இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போய்விட்டது. போன மாதம் நம் விடுதிச் சமையல்கார அக்காவைப் பார்க்க அவள் ஊருக்குப் போனேன். மலையடிவாரத்தில் இருபது முப்பது வீடுகள். அங்கே ஒரு குழு வந்து போயிருந்தது. தங்கமான பிள்ளைகள், ஒரு மிட்டாய்க் காகிதம்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் ஊருக்கென்று இருப்பது ஓர் ஊற்று. அதன் ஓரத்தில் சோப்புப் போட்டு முகம், கை, கால் எல்லாம் கழுவியிருக்கிறார்கள். அக்கா இரண்டு நாள் கீழே வேறு கிணற்றுக்குக் குடம் தூக்கினாள். வளைந்து ஏறும் ஆட்டுப் பாதை சலித்துப்போய் நேராகக் குறுக்கே ஏறியிருக்கிறார்கள். அத்தனை கால்களும் மிதித்த இடத்தில் புல் போய் மண் தெரிகிறது. அடுத்த மழையில் தண்ணீர் அந்த வழியேதான் இறங்கும், அதற்கடுத்த ஆண்டு அது ஓடையாகிவிடும். காகிதம் பொறுக்கியதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதையை யார் பொறுக்குவது?

அதைவிட வயிறு எரிந்தது அக்கா சொன்ன இன்னொன்று. எங்காவது புகை தெரிந்தால் முதலில் விசாரிக்கப்படுவது ஆடு மேய்க்கிறவர்களும் புளி பொறுக்குகிறவர்களும்தானாம். அடுப்பு மூட்டிவிட்டு வண்டி ஏறியவர்கள் அதற்குள் ஓசூர் தாண்டியிருப்பார்கள்.

உனக்கு இமயமலை பிடிக்குமே, அங்கேயும் இதே கதைதான். உத்தராகண்டில் புக்யால் எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்கக் கூடாது என்று 2018இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் தடை போட்டது. எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் ஆளுக்கு 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று 2014இல் நேபாளம் விதி போட்டது. 2024 முதல் தங்கள் மலத்தையும் பையில் கட்டி இறக்க வேண்டும். சிரிக்காதே. கேட்க நீ கூச்சப்படுவாய் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்: நீர்நிலையிலிருந்து 200 அடியாவது தள்ளி, அரை அடி ஆழம் தோண்டி, மண்ணைப் போட்டு மூட வேண்டும். அறுபது பேருக்கு எத்தனை குழி என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

வரவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. மழை ஓய்ந்தபின் மார்கழியில் வா. எட்டுப் பேர் போதும். அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. முன்பதிவு செய்தால் வழிகாட்டியும் வருவார். தீக்காலத்தில் அந்தப் பாதைகளை மூடுவார்கள் என்பதும் உனக்கு ஒரு பாடம். அறுபது பேரையும் விடவே முடியாது என்றால் வத்தல்மலைக்கு அழைத்துப் போ, தார்ச்சாலை இருக்கிறது. பகலில் போங்கள், சாலையோரமாக நடங்கள், மலைக்காரர்களிடம் காப்பிக்கொட்டையும் மிளகும் காசு கொடுத்து வாங்குங்கள். பெங்களூரிலிருந்து பிரியாணி அண்டாவைத் தூக்கிக்கொண்டு வராதே, அங்கேயே சமைக்கச் சொல்லிப் பணம் கொடு. பாட்டுப் பெட்டியை மட்டும் யாராவது கொண்டுவந்தால் நான் உன்னைத் தெரியாதவள்போல் நின்றுவிடுவேன்.

உன் மேலாளரிடம் இதை எப்படிச் சொல்வாய் என்பது உன் பாடு. மறுப்பதாக இருந்தால் போன் செய்யாதே, எழுது. உன் குரலைக் கேட்டால் நான் மசிந்துவிடுவேன்.

உன்,
வாசுகி

பி.கு.: அக்கா உன்னை மறக்கவில்லை. இன்னமும் உப்புமாவில் கடுகைப் பொறுக்கி வரிசையாக வைக்கிறாயா என்று கேட்கிறாள்.