நடுச்சுவரின் அந்தப் பக்கம் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை அன்று இரவே உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். தை பிறந்ததும் நம் பழைய வீட்டில் உன் பங்கை இடிக்கப்போகிறாய். ஒப்பந்தக்காரர் வந்து அளந்துகொண்டு போய்விட்டார். "எண்பது வருஷச் சுவர், வெள்ளத்தில் வேறு ஊறியது, இனி தாங்காது" என்று அவர் சொல்லியிருக்கிறார். அத்தான் எதுவும் பேசவில்லை. சுவர் பூசும் கரண்டியைக் கழுவித் துடைத்து மாடத்தில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

போனில் பேசினால் நம் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். பங்கு பிரிந்த பழைய வீட்டை வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் இருப்பவர்கள் ஆற்றங்கரை ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நான் உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனதை நீ பெங்களூரில் டி.வி.யில் பார்த்துவிட்டு, "நம்ம வீடு இருக்குமா அக்கா?" என்று கேட்டாய். பொங்கலுக்கு முன்னால் நானும் அத்தானும் வந்து கதவைத் திறந்தோம். திறக்கவில்லை, தள்ளினோம், உள்ளே வண்டல் முட்டிக்கொண்டு நின்றது. சுவர் முழுக்க இடுப்பளவில் ஒரு நீர்க்கோடு. பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. அந்த நாற்றத்துக்கு நடுவில் பரணிலிருந்து ஒரு பூனை எங்களைப் பார்த்துக் கத்தியது. எலும்பும் தோலுமாக, உடம்பெல்லாம் சேறு. வெள்ளம் வந்த அன்று எங்கிருந்தோ ஏறி அங்கே ஒண்டியிருக்கிறது. கழுவிய பிறகுதான் அது வெள்ளை என்றே தெரிந்தது. வெள்ளைச்சி எங்களோடு வந்த பூனை இல்லை. அந்த வீட்டில் எங்களுக்கு முன்பே குடியேறியவள்.

சித்திரையில் மூட்டை முடிச்சோடு வந்துவிட்டோம். அன்று நான் பார்த்த ஒன்றைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன். வெள்ளம் வடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பட்டாசல், அதாவது கூடத்துச் சுவர், தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை பூசியது, உள்ளங்கையை வைத்தால் காய்ந்து சொரசொரவென்று இருந்தது. நீர்க்கோட்டுக்குக் கீழே கறை இருந்தது, ஈரம் இல்லை. அங்கிருந்து ஐந்தடி நடந்து அடுக்களைக்குள் போனால், அப்பா 1998இல் சிமெண்ட் பூசிய சுவர். ஒரே வெள்ளம், ஒரே செங்கல், ஒரே அளவு தண்ணீர். ஆனால் அது சில்லிட்டுக் கிடந்தது. கோட்டுக்கு மேலேயும் இரண்டடிக்கு ஓதம், அதாவது சுவரின் ஈரம், ஏறி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

வெள்ளைச்சிக்கு இது எங்களுக்கு முன்பே தெரியும். அடுக்களையில்தான் அவளுக்குச் சோறு, மீன் தலை எல்லாம். தின்றுவிட்டு ஒரு நாள்கூட அங்கே படுத்ததில்லை. நேரே பட்டாசலுக்கு வந்து, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு சுருண்டுகொள்வாள்.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சுவர் அடியில் ஓதம் கண்டது, அம்மாவுக்கு இளைப்பு வந்தது, "சிமெண்ட் பூசினால் தண்ணீர் வராது" என்று யாரோ சொன்னார்கள். பி.எஃப். பணத்தை எடுத்துப் பூசினார். அம்மாவுக்காகச் செய்தார். ஆனால் அந்தப் பூச்சை நாங்கள் உளிவைத்துத் தட்டியபோது என்ன வந்தது தெரியுமா? பாளம் பாளமாகச் சிமெண்ட் கழன்று விழுந்தது, பின்னால் செங்கல் நனைந்து கறுத்திருந்தது. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. உப்பு வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது.

பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணிலிருக்கும் தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் செங்கலில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். ஏறிய ஈரம் அதன் வழியே காற்றில் போய்விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. தண்ணீர் நிற்பதில்லை, வேறு வழி தேடி இன்னும் மேலே போகிறது. கூடவே கொண்டுவந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, செங்கலின் முகத்தையே தின்றுவிடுகிறது. அப்பா பூசிய பிறகுதான் அடுக்களை ஓதம் ஜன்னல் உயரத்துக்கு வந்தது என்பதை நீயே யோசித்துப் பார். உன் ஒப்பந்தக்காரர் கைவைத்துப் பார்த்ததும் நிச்சயமாக அடுக்களைச் சுவராகத்தான் இருக்கும். வாசலிலிருந்து நேரே உள்ளே போனால் முதலில் கைக்கு அகப்படுவது அதுதான்.

எங்களுக்கு இதெல்லாம் பிறவியிலேயே தெரிந்ததில்லை. பக்கத்து ஊரில் எழுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர் இருக்கிறார். முழங்கால் வலியால் சாரம் ஏறுவதை விட்டுவிட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அத்தானுக்கும் எனக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதுபோலச் சொல்லித்தந்தார். முதல் பத்து நாள் கரண்டியையே தொடவிடவில்லை. மணல் சலிக்கச் சொன்னார், கடுக்காயை உடைத்து ஊறப்போடச் சொன்னார், உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து அதோடு புளிக்கவைக்கச் சொன்னார். அந்தத் தண்ணீரில்தான் சாந்து குழைக்க வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல்.

சுண்ணாம்பின் கதை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று தம்பி. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாசலில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியே போய்விடுகிறது. அதைத் தண்ணீரில் போட்டு நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அதற்கு மாதங்கள் ஆகும், உள்ளே வருடங்கள்கூட ஆகும். அதனால்தான் அவசரப்படுத்த முடியாது. ஒவ்வொரு பூச்சும் காய்ந்து வெடித்துவிடாமல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் காக்க வேண்டும். பத்தடிச் சுவருக்கு நாங்கள் இருவரும் மூன்று பூச்சு பூசி முடிக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டோம்.

இனி நடந்த ஒரு தவறையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உனக்குச் சொல்லியிருந்தால் அன்றே வேலையை நிறுத்தச் சொல்லியிருப்பாய். முதல் குழியில் சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டோம். உலைபோலக் கொதித்து, இரைந்து, ஆவி பறந்தது. கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு எங்களைக் காத்துக்கொண்டோம். சூடு ஆறியதும் மேலே ஓலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டோம், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் ஓலை நகர்ந்திருந்தது. மேலே வெள்ளைத் தரைபோலத் தெரிந்ததில் வெள்ளைச்சி கால் வைத்துவிட்டாள். முன்கால் இரண்டும் மூட்டுவரை சுண்ணாம்பு. அதை நக்கவும் தொடங்கிவிட்டாள்.

நீற்றிய சுண்ணாம்பு தோலை அரித்துவிடும், நாக்கை இன்னும் மோசமாக. அத்தான் அவளைத் தூக்கிக் குழாயடியில் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரம். அவர் கை முழுக்கக் கீறல். நான் அவள் தலையைத் துண்டால் பொத்திக்கொண்டு வாயைக் கழுவினேன். அப்படியே கால்நடை மருந்தகத்துக்கு ஓடினோம். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவியதுதான் நல்லது என்றார் டாக்டர். பாதம் வெந்திருந்தது, நாக்கு நுனி சிவந்திருந்தது. பத்து நாள் கஞ்சித் தண்ணீரும் மருந்தும். அந்தப் பத்து நாளும் நாங்கள் சுவரைத் தொடவில்லை. வாயில்லாத உயிர் நடமாடும் வீட்டில் குழியை ஓலை போட்டு மூடியது எங்கள் குற்றம்தான். சுண்ணாம்பு வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், குழிக்குப் பலகை போட்டு அதன்மேல் கல் ஏற்றுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அவள் எங்களுக்குச் செய்த உதவியையும் சொல்கிறேன். எல்லாக் கதவையும் சாத்திவிட்டுப் படுத்தாலும் விடியும்போது தார்சா என்கிற முன்தாழ்வாரத்தில் இருப்பாள். எப்படி வருகிறாள் என்று ஒரு ராத்திரி டார்ச்சோடு விழித்திருந்தோம். ஓட்டுக்கூரையின் வடக்கு மூலையில் இரண்டு சீமை ஓடுகள் நழுவியிருந்தன, அந்த இடைவெளிதான் அவள் வாசல். வெள்ளத்தன்றும் அதன் வழியேதான் பரணுக்கு வந்திருப்பாள். ஓடுகளை எடுத்துப் பார்த்தால் கீழே ஓட்டைத் தாங்கும் ரீப்பர் மக்கி, கைமரத்தின் நுனியில் கரையான் தொடங்கியிருந்தது. இன்னொரு மழைக்காலம் விட்டிருந்தால் அந்த மூலை இறங்கியிருக்கும். மக்கியதை அறுத்து மாற்றினோம்.

அந்த ஓட்டில் 1865 என்று போட்டிருக்கிறது, நினைவிருக்கிறதா? நம் வீடு 1865இல் கட்டியது என்று நீ பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அது பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பிறகு செய்த ஓடுகளிலும் அதே எண்ணைப் பதித்திருக்கிறார்கள். உடைந்த ஓடு ஒன்றை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். பட்டாசலுக்கு மேலே இருக்கும் மட்டப்பாவை, அந்தத் தட்டை மாடியை, தாங்குகிற ஐந்து தேக்கு உத்திரங்களும் முழுநீள மரங்கள். என் பக்கச் சுவரில் தொடங்கி, நடுச்சுவர்மேல் படிந்து, உன் பக்கச் சுவரில் போய் முடிகின்றன. பங்கு பிரித்தபோது காகிதத்தில் கோடு போட்டோமே தவிர, மரத்தில் போடவில்லை. உன் பக்கத்தை இடிக்க வேண்டும் என்றால் ஐந்தையும் நடுவில் அறுக்க வேண்டும். அவற்றுக்கு மேலே செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவிட்டமாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்படி சுண்ணாம்பில் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பிடி தளர்ந்தால் இந்தப் பக்கமும் இளகும். உன் ஒப்பந்தக்காரர் மட்டப்பா மேலே ஏறிப் பார்த்தாரா என்று கேள்.

உன் பக்கத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தொழுவத்துச் சுவர் மண் சாந்தில் கட்டியது, வெள்ளத்தில் அடி கரைந்துவிட்டது. அதை இடித்துவிடு, அங்கே உனக்கு வேண்டிய குளியலறையும் கழிப்பறையும் சிமெண்டிலேயே கட்டு. தண்ணீர் புழங்கும் இடத்தில் நாங்களும் சிமெண்ட்தான் வைத்தோம். மின்சார வேலையை நாங்கள் தொடவே இல்லை, தெரிந்தவரை வைத்துச் செய்தோம். ஆனால் உன் அறையும் தானியம் கொட்டிவைத்த உள்ளறையும் அப்படி இல்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் தூக்குக் குண்டு தொங்கவிட்டதுபோல நிற்கின்றன.

உன் பயமும் எனக்குத் தெரியும். மறுபடி வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்கிறாய். வரலாம். தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். காங்கிரீட் வீட்டுக்குள்ளும் அதே உயரத்துக்குத் தண்ணீர் வரும். வடிந்த பிறகு எந்தச் சுவர் காய்கிறது என்பதைத்தான் நான் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன், ஐப்பசியில் மழை பிடித்ததும் ஒரு வாரம் வந்து தங்கு. மதினியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. பட்டாசலில் படுங்கள். காலையில் எழுந்ததும் இந்தச் சுவரில் ஒரு கையும் அடுக்களையில் நாங்கள் இன்னும் பெயர்க்காமல் விட்ட மேற்குச் சுவரில் ஒரு கையும் வைத்துப் பார். கொத்தனாரையும் வரச் சொல்கிறேன், அவர் உன் பக்கத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்லட்டும். அவர் இடிக்கலாம் என்று சொன்னால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

ஆவணியில் பின்கட்டில் இரண்டாவது குழி எடுத்துச் சுண்ணாம்பு நீற்றிவிட்டோம். எங்கள் பக்கத்துக்கு வேண்டியது முதல் குழியிலேயே மிச்சமிருக்கிறது, இது உன் பங்கு. தண்ணீருக்கு அடியில் கிடக்கிறவரை அது கெடாது. நாள் ஆக ஆக வெண்ணெய்போலக் குழைந்து வரும் என்கிறார் கொத்தனார். மேலே பலகை போட்டு, பழைய அம்மிக்கல்லை ஏற்றிவைத்திருக்கிறது. வெள்ளைச்சி அந்தப் பக்கம் போவதில்லை.

அன்புடன்,
அக்கா